ஆசியா பாடிய 1992

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்கற பாட்டு ஒண்ணாவது நமக்குப் புரியுதா?" என்று அங்கலாய்க்காத அம்மா நம்மில் யாராவது உண்டா, சொல்லுங்கள்! அதுவும் இப்போது தமிழும் இல்லை, ஹிந்தியும் இல்லை, கொரியாப் பாட்டு! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காதில் இரண்டு குமிழைச் செருகிக்கொண்டு, வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 'பிள்ளை நம்மை விட்டு எங்கேயோ போகிறதே' என்று தாய் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மகள் பிளஸ் ஒன். மாமியார் எழுபத்தைந்து தாண்டியவர். "இன்னாடி இது, பொழுது விடிஞ்சா பொழுது போனா சீனாக்காரன் பாட்டு!" என்று அத்தை ஆரம்பிப்பார். "பாட்டி, அது சீனா இல்ல, கொரியா!" என்று இவள் எகிறுவாள். "செல்போனைப் பிடுங்கி பீரோவுல வை" என்று என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். போன சித்திரையில் இந்தச் சண்டை முற்றி, ஒரு வாரம் மகள் ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட கூடத்துக்கு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனைப் பூட்டி வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் சாத்திய கதவைத் திறக்க வைப்பது? அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. யோசித்துப் பார்த்து அவளிடம் ஒரு பேச்சுப் பேசினேன். "நீ உன் பாட்டைப் பத்திச் சொல்லு, நான் என் பாட்டைப் பத்திச் சொல்றேன். எனக்குப் பதிமூணு வயசு 1992-ல. 'ரோஜா' வந்த வருஷம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அதே வருஷம் மத்த நாட்டுல எல்லாம் என்னம்மா பாடினாங்க?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான்! கோடை விடுமுறை முழுக்க அதுவே எங்கள் வேலையாகிவிட்டது. ஒரு நாற்பது பக்க நோட்டு, அவளுடைய ஸ்கூல் அட்லஸ், அந்தச் செல்போன். நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினோம். அதில் எங்களுக்குக் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊரிலே

1992-இல் நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு மில்லில் வேலை. தீபாவளி போனஸ் வந்ததும் வீட்டுக்கு ஒரு டேப் ரிகார்டர் வாங்கி வந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று! நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றுவதற்கு எனக்கும் அண்ணனுக்கும் போட்டி. நேரு வீதிப் பக்கம் ஒரு ரிகார்டிங் சென்டரில் காலி கேஸட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பட்டியலில் எதை வைப்பது, எதை அடிப்பது என்று வீட்டிலே பெரிய மாநாடே நடக்கும்.

பட்டியலில் வைக்க அந்த வருஷம் பாட்டுக்கா பஞ்சம்? இளையராஜாவின் 'சின்னக் கவுண்டர்', தேவாவின் 'அண்ணாமலை', தீபாவளிக்கு மறுபடி இளையராஜாவின் 'தேவர் மகன்'. நடுவில் ஆகஸ்ட் 15-ந் தேதி வந்தது மணிரத்னத்தின் 'ரோஜா'. இசையமைத்தவர் புதுப் பையன், ஏ.ஆர். ரஹ்மான் என்று பேர், வயது இருபத்தைந்து.

அந்தப் பாட்டுகளில் என்ன புதுமை என்பது அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய கூடத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, பாட்டு பதிவாவதுதான் அதுவரை வழக்கம். ரஹ்மானோ தம் வீட்டோடு சேர்ந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் துணையோடு அடுக்கினார். நாம் ஒவ்வொரு காயையும் அதனதன் பதத்தில் தனியாக வதக்கி வைத்துக்கொண்டு கடைசியில் சேர்ப்பதில்லையா, அது மாதிரி! அதனாலேதான் ஒவ்வொரு சத்தமும் அத்தனை துல்லியமாகக் கேட்டது.

எல்லோருக்கும் பிடித்ததா என்றால், அதுதான் இல்லை. "பாட்டா இது? மிஷின் பாடுற மாதிரி இருக்கு. ஒரு மாசத்துல மறந்துடுவீங்க" என்றார் எங்கள் சித்தப்பா. நாட்டில் நடந்ததோ வேறு. அந்த வருஷப் படங்களுக்கான தேசிய விருதில் 'ரோஜா'வுக்கும் 'தேவர் மக'னுக்கும் நடுவர்களின் ஓட்டு சரிசமமாகப் பிரிந்து நின்றது. தேர்வுக் குழுத் தலைவர் பாலு மகேந்திரா தம்முடைய ஓட்டைப் புதியவருக்குப் போட, விருது ரஹ்மானுக்குப் போயிற்று. 'சின்னச் சின்ன ஆசை' பாட்டை எழுதிய வைரமுத்துவுக்கும் விருது. 'தேவர் மக'னில் பாடிய எஸ். ஜானகி சிறந்த பாடகி. ஒரே வருஷத்தில் பழையதும் புதியதும் தோளோடு தோள் நின்றது பாருங்கள்! 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, உலகின் சிறந்த பத்துத் திரை இசைத் தொகுப்புகளில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தது.

எங்கள் புதுச்சேரிக்கு இன்னொரு வாசலும் உண்டு: பிரான்ஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் இங்கே நிறைய. அடுத்த வருஷம் லீவுக்கு வந்த உறவுக்காரர் பெட்டியிலே, சென்ட் பாட்டில், சாக்லேட் நடுவில் ஒரு கேஸட். பாடியவர் காலேத் என்ற அல்ஜீரியாக்காரர். 1992-இல் வந்த அந்தப் பாட்டின் பெயர் 'தீதீ'. அல்ஜீரியா ஆசியாவில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரபு மொழிப் பாட்டு ஒன்று பிரான்சின் விற்பனைப் பட்டியலில் ஏறி, பாரிஸிலிருந்து புறப்பட்டு எங்கள் தெருக் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்துவிட்டதே! ஒரு வார்த்தை புரியாமலே நாங்கள் ஆடினோம். "புரியாத பாட்டு" என்று மகளைக் குறை சொல்ல எனக்கு எங்கே வாய் இருக்கிறது?

பக்கத்து வீடுகள்

அந்த வருஷங்களில் பாட்டு இப்படி நாடு விட்டு நாடு பாயக் காரணம் என்ன? முதல் காரணம் கேஸட். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்தது. விலை குறைவு, வீட்டிலேயே நகல் எடுக்கலாம், பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். இரண்டாவது, வானத்திலிருந்து வந்த டெலிவிஷன். ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. 1991-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதிலே பாட்டுக்கென்றே எம்.டி.வி. வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க வாரமெல்லாம் காத்திருந்த நமக்கு இது எப்படி இருந்திருக்கும்!

பாகிஸ்தானிலிருந்து ஒரு பெண்ணைச் சொல்லியாக வேண்டும்: நாஸியா ஹஸன். கராச்சியில் பிறந்து லண்டனில் படித்தவர். 'குர்பானி' ஹிந்திப் படத்தில் 1980-இல் அவர் பாடிய பாட்டு நம் நாடெங்கும் ஒலித்தபோது அவருக்குப் பதினைந்து வயதுதான். அவரை அப்படிப் பாட வைத்த இசையமைப்பாளர் பித்து நம் பெங்களூரில் பிறந்தவர்! அண்ணன் தம்பிகளாகப் பிரிந்த இரண்டு நாடுகளும் ஒரே பெண்ணின் குரலுக்குத் தலையாட்டின. நாஸியாவும் தம்பி ஜோஹேபும் சேர்ந்து கொண்டுவந்த கடைசித் தொகுப்பு 'கேமரா கேமரா' வந்தது 1992-இல்தான். அதற்குப் பிறகு அவர் பாட்டை விட்டு விலகினார். 2000-ஆம் வருஷம் நுரையீரல் புற்றுநோயால் காலமானபோது வயது 35. இதை எழுதியபோது மகள் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

கிழக்கே வங்காள தேசத்தில் அயூப் பச்சு என்ற கிட்டார்க்காரர் 'எல்.ஆர்.பி.' என்று குழு ஆரம்பித்து, 1992-இல் ஒரே சமயத்தில் இரட்டை கேஸட்டாகப் பாட்டு வெளியிட்டார். அந்த நாட்டிலே அது முதல் தடவை. கிட்டார் மேல்நாட்டுடையது, பாட்டு சுத்தமான வங்காளி.

தெற்கே இலங்கையோடு நமக்கு உள்ள பாட்டு உறவு இன்னும் பழையது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி வந்து, 1977-லேயே தமிழ் சினிமாவுக்குள் நுழைந்துவிட்டது. அதன் தாளம் பைலா. போர்ச்சுகீசியர்களோடு இலங்கைக்கு வந்து, அங்கேயே ஊறிப்போன தாளம். வந்ததை நாம் விரட்டவா செய்தோம்? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடினோம்!

அரிசிக் கிளப்பும் தீவுப் பாட்டும்

சீனாவின் பக்கம் ரொம்ப வேடிக்கை. 1991 கடைசியிலிருந்து 1992 வரை அங்கே லட்சக்கணக்கில் விற்ற கேஸட் 'சிவப்புச் சூரியன்'. காதல் பாட்டு என்று நினைக்கிறீர்களா? மா சேதுங்கைப் புகழ்ந்து முப்பது வருஷத்துக்கு முன் பாடிய பழைய பாட்டுகள்! அதற்குப் புதிதாக டிரம் வாத்தியத் தாளம் சேர்த்து, டிஸ்கோ மாதிரி ஆக்கியிருந்தார்கள். டாக்ஸிக்காரர்கள் கண்ணாடிக்கு மேலே மாவோ படத்தைத் தாயத்து போலத் தொங்கவிட்டார்களாம். நம் ஆட்டோக்களில் சாமி படம் இல்லையா, அப்படி!

ஜப்பானில் 1992-இல் மிக அதிகமாக விற்ற பாட்டு, ஒரு டெலிவிஷன் தொடரின் முகப்புப் பாட்டு. பாடிய குழுவின் பெயர் 'கோமே கோமே கிளப்'. 'கோமே' என்றால் ஜப்பானிய மொழியில் அரிசி. அதாவது 'அரிசி அரிசி கிளப்'! இதைக் கேட்டு அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'அரிசிக்காரன் பாட்டு' என்றே பேர். "எங்க, அந்த அரிசிக்காரன் பாட்டைப் போடு, கேப்போம்" என்று அவரே பேத்தியைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஜப்பானியர் பாட்டை வாங்கியது கேட்பதற்கு மட்டுமில்லை, பாடுவதற்கும்தான். குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, நம்மையே பாட வைக்கும் 'கரோக்கே' மிஷினை 1971-இல் உருவாக்கியவர் இனோவே டைசுகே என்ற ஜப்பானியர். 'கரா' என்றால் காலி, 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே சின்னச் சின்னக் கரோக்கே அறைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள், மாணவர்கள், குடும்பப் பெண்கள் எல்லோரும் உள்ளே போய்ப் பாடினார்கள். புதுப் பாட்டின் தட்டு சுடச்சுட விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஜப்பானில் அதே வருஷம் இன்னொரு பாட்டும் வந்தது. 'தி பூம்' என்ற குழுவின் மியாஸாவா கஸுஃபுமி எழுதிய 'ஷிமா உத்தா'; 'தீவுப் பாட்டு' என்று பொருள். தெற்கே இருக்கும் ஓகினாவா தீவில் 1945-இல் பெரிய யுத்தம் நடந்தது. காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்ய உயர்நிலைப் பள்ளி மாணவிகளை அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. உயிர் பிழைத்த ஒருவர் வாயால் இதைக் கேட்ட பிறகுதான் மியாஸாவா அந்தப் பாட்டை எழுதினார். மேலோட்டமாகக் கேட்டால் பிரிவுப் பாட்டு; உள்ளே அந்தப் பெண்களின் துக்கம். ஓகினாவாவின் மூன்று தந்தி வாத்தியமான சான்ஷின் கூடவே ஒலிக்கிறது; பாம்புத் தோல் போர்த்திச் செய்வது அது. ஒரு வார்த்தை புரியாமல் கேட்டபோதே எனக்குத் தொண்டை அடைத்தது. அர்த்தம் தெரிந்தபின் கேட்கவா வேண்டும்? என் மகள் வயதுப் பெண்கள் அவர்கள்.

கடைசி மார்க் வாங்கிய மூவர்

இப்போது வருகிறேன், வீட்டில் சண்டை மூட்டிய கொரியாவுக்கு! என் மகளுக்கே தெரியாத சங்கதி இது.

1992 ஏப்ரல் 11-ந் தேதி, கொரியா டெலிவிஷனில் புதியவர்களுக்கான ஒரு நிகழ்ச்சி. ஸோ தைஜி என்ற இளைஞரும் இரண்டு கூட்டாளிகளும் மேடையேறினார்கள். மெதுவான காதல் பாட்டுக்கும், பழைய தாளப் பாட்டுக்கும் பழகியிருந்த நாட்டில், பேச்சு மாதிரி வேகமாகச் சொல்லும் அமெரிக்க 'ராப்' முறையைக் கொரிய மொழியிலே பாடி, கூடவே ஆடினார்கள். பெரியவர்களான நடுவர்களுக்குப் பிடிக்கவில்லை. பத்துக்கு 7.8 மார்க், அன்றைக்கு அதுதான் குறைந்த மார்க்! ஆனால் அந்தப் பாட்டு 17 வாரம் நாட்டிலே முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

ஸோ தைஜி உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர். 1994-இல், பிள்ளைகளைப் பரீட்சைக்குப் பிழியும் கல்வி முறையைக் கண்டித்துப் பாடினார். 1995-இல் வந்த பாட்டுக்குப் பெயர் 'கம் பேக் ஹோம்', 'வீட்டுக்குத் திரும்பி வா' என்று பொருள். வீட்டோடு கோபித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளைகளுக்காகவே பாடியது. அதைக் கேட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அம்மாக்களே, இதைப் படித்தபோது நான் ஒரு நிமிஷம் அசந்து போனேன். 'பிள்ளையைக் கெடுக்கும் பாட்டு' என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பாட்டோ 'அம்மாகிட்டே போ' என்கிறது!

மேடையேறிய அந்த மூவரில் ஒருவர் யாங் ஹியூன் சுக். அவர் 1996-இல் ஆரம்பித்த கம்பெனி ஒய்.ஜி. அங்கிருந்து வந்தவர்கள்தான் 2016-இல் தோன்றிய 'பிளாக்பிங்க்' பெண்கள். எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் படமாக ஒட்டியிருப்பவர்கள். 'பி.டி.எஸ்.' பையன்கள் 2017-இல் அந்த 'கம் பேக் ஹோம்' பாட்டைத் திரும்பப் பாடி, ஸோ தைஜியோடு ஒரே மேடையிலும் நின்றார்கள். "அப்போ என் பாட்டுக்கும் உன் வருஷத்துக்கும் சொந்தம் இருக்கும்மா!" என்று மகள் குதித்தாள்.

வெறுமையாக இருந்த பக்கம்

எங்கள் நோட்டில் ஈரானுக்கு ஒதுக்கிய பக்கத்தில் எழுத அதிகம் இல்லை. குகூஷ் என்ற பாடகி அங்கே 1970-களில் பெரும் புகழோடு இருந்தவர். அவர் தலைமுடியை வெட்டிக்கொண்டால் ஊர்ப் பெண்களும் அப்படியே வெட்டிக்கொள்வார்களாம். 1979-இல் அங்கே புரட்சி வந்தது. பெண்கள் பொதுமேடையில் தனித்துப் பாடக் கூடாது என்று ஆகிவிட்டது. குகூஷ் நாட்டை விட்டுப் போகாமல் டெஹ்ரானிலேயே இருந்தார், இருபது வருஷம் மேடையேறாமல். ஆசியா முழுக்கப் பாடிக்கொண்டிருந்த 1992-இல் அவர் மௌனமாக இருந்தார். 2000-இல் கனடாவின் டொரன்டோ நகரில் மறுபடி மேடையேறினார்.

அந்த இருபது வருஷமும் ஜனங்கள் அவரை மறந்தார்களா? இல்லை. பழைய கேஸட்டுகள் வீட்டுக்கு வீடு ரகசியமாகக் கைமாறின. கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். தடுத்ததால் பாட்டு போகவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் போயிற்று. எங்கள் வீட்டில் சாத்திய கதவை நினைத்துக்கொண்டேன். நாட்டையும் வீட்டையும் ஒப்பிடுவது பெரிய வார்த்தைதான். ஆனாலும் தோன்றியதைச் சொல்கிறேன்.

அத்தையின் வருஷம்

இதையெல்லாம் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அத்தை ஒரு நாள், "எனக்கு ஒரு பக்கம் கிடையாதா?" என்றார். கணக்குப் போட்டோம். அத்தைக்குப் பதின்மூன்று வயது 1962-இல். அந்த ஆகஸ்ட் 16-ந் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்த வருஷமும் அதுவே. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அக்கார்டியன், பாங்கோ, பியானோ என்று மேல்நாட்டு வாத்தியங்களை அவர்கள் தாராளமாகக் கையாண்ட காலம். "எங்க அப்பாரு திட்டுவாரு, 'இங்கிலீஷ்காரன் கூத்து'ன்னு. ரேடியோவை நிறுத்திடுவாரு. நான் பக்கத்து வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து கேப்பேன்" என்றார் அத்தை, குழந்தை மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு. பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கணவரோ பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்!

1962-இல் 'இங்கிலீஷ் கூத்து', 1992-இல் 'மிஷின் பாட்டு', இன்றைக்குக் 'கொரியாப் பாட்டு'. நோட்டைப் புரட்டினால் எல்லா நாட்டிலும் இதே கதைதான். வெளியிலிருந்து ஒரு தாளம் வரும், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பத்து வருஷத்தில் அது அந்த நாட்டுப் பாட்டாகவே ஆகிவிடும். மிளகாயும் உருளைக்கிழங்கும் எங்கிருந்தோ வந்தவைதான். இன்றைக்கு அவை இல்லாமல் நம் சமையல் உண்டா? அதற்காக வருகிற பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்று சொல்லவில்லை. ஆபாசமாக இருந்தால் தாய் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால் அது என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

கவனிக்க வேண்டியது மொழியை அல்ல, காதை!

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. நோட்டு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், "காதுக்குள்ள ஙொய்யுன்னு சத்தம் கேக்குதும்மா" என்றாள் மகள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போய்க் கேட்கும் திறனைச் சோதித்தோம். நல்ல வேளை, கோளாறு இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உட்காதில் நுண்ணிய மயிரிழை போன்ற அணுக்கள் இருக்கின்றன. அதிகச் சத்தத்தில் அவை பழுதாகி அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உலகில் 12 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களில் 100 கோடிக்கு மேற்பட்டோர், பாட்டை அதிகச் சத்தத்தில் கேட்பதால் காது கெடும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோனி கம்பெனியின் வாக்மேன் 1979-இல் வந்தபோது தொடங்கிய பழக்கம், இன்று ஒவ்வொரு பிள்ளையின் காதிலும்! வீட்டிலே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

செல்போனில் சத்தத்தை முழு அளவில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்ற விடாதீர்கள்.

80 டெசிபல் அளவில் கேட்டால் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதகமில்லை. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபலே வரம்பு.

கை நீட்டும் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் வெளிச் சத்தத்தை அமுக்கப் பாட்டைக் கூட்டுவதுதான் பெரிய கெடுதல். காதில் குமிழோடு தூங்கவும் விடாதீர்கள்.

இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் ஊற்றுவது, குச்சி விடுவது கூடவே கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டுச் சாயங்காலம்

பிரான்ஸில் 1982-இல் ஜாக் லாங் என்ற கலாச்சார அமைச்சர் ஒரு நல்ல வழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். ஜூன் 21-ந் தேதி யார் வேண்டுமானாலும் தெருவில் இறங்கிப் பாடலாம், வாசிக்கலாம், டிக்கெட் கிடையாது. இன்று பல நாடுகளில் அது இசைத் திருநாள். எங்கள் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ்காரர்கள் கொண்டாடுகிறார்கள். நீங்கள் தெருவுக்குப் போக வேண்டாம். கூடத்திலேயே போதும்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்களுக்குப் பதின்மூன்று வயதான வருஷத்துப் பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் வயதில் கேட்ட பாட்டுதான் முதுமையிலும் மறக்காமல் நிற்கும் என்று மனநூல் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே தாத்தா பாட்டியை முதலில் கேளுங்கள். காதுக் குமிழ் வேண்டாம். ஸ்பீக்கரில் அளவான சத்தத்தில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் பாட்டை மற்றவர் கேலி செய்யக் கூடாது. இது ஒன்றுதான் சட்டம். பாட்டு முடிந்ததும், "அப்போ நீங்க எங்கே இருந்தீங்க, யாரோட கேட்டீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத எத்தனை கதைகள் வெளியே வருகின்றன என்று பாருங்கள்! கூடவே ஒரு தட்டு கேழ்வரகு பக்கோடாவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செலவு ஒன்றும் இல்லை, சகோதரிகளே. ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய வருஷம் எது?